ஒரே பெயரில் இரண்டு பேர்: ஓட்டு மெஷினில் பட்டன் அருகே விரல் எதைத் தேடுகிறது?

(ஒரே பெயரில் பல வேட்பாளர்கள் நின்றால் வாக்காளர் எதைப் பார்த்து அமுக்குகிறார் என்று புனைபெயரில் நாலு பேர் பேசிக்கொள்கிறார்கள்.)

பூத் முகவர்:
2004 மக்களவைத் தேர்தலில் கேரளத்தின் ஆலப்புழைக் கணக்கு இன்னும் உறுத்துது. காங்கிரஸின் வி.எம்.சுதீரன் தோற்றது 1,009 வாக்கில். அதே பட்டியலில் வி.எஸ்.சுதீரன் என்ற சுயேச்சை 8,000-க்கும் மேல் வாங்கினார். அதில் எட்டில் ஒருத்தர் இனிஷியலைப் பார்க்காமல் தவறி அமுக்கியிருந்தாலே, அவர் தோற்க அதுவே போதும்.

சின்னம்தான் எல்லாம்:
பெயரை மட்டும் பழி சொல்லாதீங்க. 2024 ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ.பன்னீர்செல்வத்தையும் சேர்த்து பன்னீர்செல்வம் என்றே ஆறு பேர், ஆறும் சுயேச்சை. அப்படியும் முன்னாள் முதல்வரின் பலாப்பழச் சின்னத்துக்கு 3 லட்சத்துக்கும் மேல் விழுந்து இரண்டாமிடம். சின்னம் மனசில் பதிஞ்சால் பெயர்க் குழப்பம் எடுபடாது.

பூத் முகவர்:
ஆலப்புழையில் கை சின்னமே இருந்ததே! சின்னம் மட்டும் போதும்னா அங்கே ஏன் நழுவியது? அப்போது மெஷினில் படம் கிடையாது. வேட்பாளர் படம் வந்தது 2015-இல்தான்.

வரிசை எண்:
ரெண்டு பேரும் வரிசையை விட்டுட்டீங்க. அங்கீகாரம் பெற்ற கட்சிகள் முதலில், பதிவு மட்டும் செய்த கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் கடைசியில். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் அகரவரிசை. அதனால் ஒரே பெயர்க்கார சுயேச்சைகள் அடுத்தடுத்து வந்து நிற்பாங்க. கண் முதலில் படுவதிலேயே நின்றுவிடும்.

யாரும் கேட்கலை, இருந்தாலும் சொல்றேன். சுயேச்சையாக நிற்பவர் பட்டியலில் மிச்சமிருக்கும் சின்னத்தில் அழகானதைக் கேட்கக் கூடாது. சுவரில் நாலே கோட்டில் வரைய வரணும், ஒரே சொல்லில் கூவ வரணும், பக்கத்துச் சின்னத்தோடு உருவம் ஒத்துப்போகக் கூடாது. பிஆர்எஸ் கட்சியின் கார் சின்னத்துக்கு, உருவம் ஒத்த ரோடு ரோலர் சின்னம் தொல்லை கொடுத்த தெலங்கானா வழக்கு தெரியும்தானே. துண்டறிக்கையை வேட்புமனு வாபஸ் நாள் முடியும்வரை அச்சுக்குக் கொடுக்காதீங்க, வரிசை எண் அதன் பிறகுதான் உறுதியாகும். ஒரு மெஷினில் 16 பட்டன்; ஒரே மெஷின் என்றால் கடைசி பட்டன் நோட்டாவுக்குப் போய் 15 பேர்தான். அதற்கு மேல் ஆள் இருந்தால் நோட்டா எல்லாருக்கும் கடைசியில் போகும், முதல் மெஷினில் 16 பேரும் வருவாங்க. எண் 17 என்றால் "ரெண்டாவது மெஷின், முதல் பட்டன்" என்றே சொல்லிக்கொடுங்க. வெறும் எண்ணைச் சொன்னால் ஆள் முதல் மெஷினிலேயே தேடிட்டு நிற்பார்.

முகராசி:
படம் வந்ததும் சரியாகிடும்னு நம்பாதீங்க. 2009-இல் வெளியான ஆய்வில் சுவிட்சர்லாந்துக் குழந்தைகளிடம் பிரெஞ்சு வேட்பாளர்கள் படத்தைக் காட்டி, கப்பலுக்கு யாரைக் கேப்டனாக்குவேன்னு கேட்டாங்க. குழந்தைகள் கைகாட்டியவர்களில் பெரும்பாலோர் நிஜத் தேர்தலில் ஜெயிச்சவர்கள். முகமும் ஒரு குறுக்குவழிதான்.

சின்னம்தான் எல்லாம்:
கேப்டன் கதை பெரிய கட்சி ஆட்களுக்குப் பொருந்தும். இங்கே தபால்தலை அளவுப் படத்தில், வயதான கண்ணுக்கு ஆறு பன்னீர்செல்வமும் ஒன்றுதான். பலாப்பழம் ஒன்றுதானே தனியாத் தெரியும்!