பி-ஐ-என் டயோட் சுவிச்: மொடல் செய்தபோது கண்டவை

கோண்டாவிலிலிருந்து:

அக்காவின் மகன் கிளிநொச்சியில் பொறியியல் படிக்கிறான். 145 மெகாஹேர்ட்ஸில் அனுப்புவதற்கும் வாங்குவதற்கும் ஒரே அன்ரெனா, நடுவில் பி-ஐ-என் டயோட் சுவிச் என்று வரைபடத்தோடு வந்தான். பி, என் படைகளுக்கு நடுவே மாசு சேர்க்காத ஒரு படை உள்ள டயோட் அது. "மாமா, 25 வாற்று குடுத்தா உச்சம் 1 அம்பியர் போகுது. டயோட்டைத் திறந்து வைக்கிற நேரோட்டம், அதுதான் பயஸ், 10 மில்லி அம்பியர்தான். சிமுலேஷனில அலையின்ர ஒரு பாதி வெட்டுப்படுது" என்றான்.

நியாயமான கேள்வி. பிழை மொடலில் இருக்கிறது. சாதாரண டயோட் மொடலில் ஏற்றம் தேங்கும் நேரத்தை நாம் கொடுக்காவிட்டால் அது பூச்சியம். மின்னோட்டம் திரும்பியதும் டயோட் அடைபடும். உண்மையான டயோட்டின் நடுப்படையிலோ ஏற்றம் தேங்கி நிற்கும். ஏற்றத்தைச் சுமக்கும் காவிகளின் ஆயுட்காலம் 1 மைக்ரோ செக்கன் என்றால், 10 மில்லி அம்பியருக்கு 10 நனோ கூலோம். எதிர் அரை அலை இழுப்பது, உச்ச மின்னோட்டத்தை πயாலும் மீடிறனாலும் வகுத்தால், 2.2 நனோ கூலோம். தாராளமாகத் தாங்கும். அதே டயோட்டை 3.5 மெகாஹேர்ட்ஸில் போட்டால் அரை அலை 91 கேட்கும். 10 எந்த மூலைக்கு?

ஆயுட்காலத்தைக் கொடுத்ததும் வெட்டு மறைந்தது. அப்புறமும் ஒன்று இடித்தது: பயஸை மாற்றினாலும் இழப்பு மாறவில்லை. நடுப்படையின் தடை தேங்கிய ஏற்றத்துக்கு நேர்மாறு, படையின் தடிப்பின் வர்க்கத்துக்கு நேர். அதைத் தனித் தடையாக எழுதித் தொடரில் சேர்க்கவேண்டும். என்னைக் கேட்டால் மொடலின் உயிரே அந்த ஒரு வரிதான்.

அலையின் ஒரு பாதி வெட்டுப்பட்டால் இரு மடங்கு மீடிறனில் சிக்னல் எழும். பிறகு அன்ரெனாவுக்குப் பதிலாக டம்மி லோட் என்ற தடையில் போட்டு, ரிசீவரை அந்த 290 மெகாஹேர்ட்ஸில் வைத்துக்கொண்டு பயஸை மெல்ல மெல்லக் குறைத்தோம். 10 மில்லி அம்பியரில் திரையில் கோடு அடியில் கிடந்தது. 2ஐ நெருங்க நெருங்க எழும்பி வந்தது. கணக்கு சொன்ன இடமேதான்! மருமகனின் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும்.

சாவகச்சேரியிலிருந்து:

அண்ணை, அடைபட்ட நிலையையும் மொடலில் பார்க்கச் சொல்லுங்கோ. 0.3 பிக்கோ பரட் கொள்ளளவம் 145இல் 3.7 கிலோ ஓம்; 2.4 கிகாஹேர்ட்ஸில் வெறும் 220 ஓம். 50 ஓம் லைனில் தொடராக ஒரு டயோட் மட்டும் வைத்தால் அங்கே சிக்னல் கசியும். நான் வைஃபை பக்கம் வேலை செய்தபோது நிலத்துக்கு இன்னொரு டயோட் போட்டுத்தான் தடுத்தேன். அதன் கால்களைக் கட்டையாக வெட்டவேணும், நீளம் கூடினால் இன்டக்ரன்ஸ் சேர்ந்து தடுப்பைக் கெடுக்கும்.