79 செவி சி10: பெட்ரோல் 350 இன்ஜினை இறக்கிட்டு 4பிடி டீசல் ஏத்தலாமா?

பழைய_சி10:

வண்டி 1979 செவர்லே சி10, பின்சக்கர இழுவை மட்டும். உள்ளே 350 வி8, நாலு பேரல் கார்புரேட்டர், டிஎச்350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். ஆக்சில் 3.08 (சக்கரம் ஒரு சுத்து சுத்த ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் 3.08 சுத்து). டயர் 235/75 ஆர்15. ரெண்டு சிலிண்டர்ல கம்ப்ரஷன் இல்லை, ஆயிலும் குடிக்குது.

ரீபோர் போறதுக்குப் பதிலா 3.9 லிட்டர் கம்மின்ஸ் 4பிடி போடலாம்னு இருக்கேன். டெலிவரி வேன்ல இருந்து இறக்கின இன்ஜின்: 12 வோல்ட், விஇ பம்ப் (நாசில்களுக்கு டீசலை அழுத்தி அனுப்பறது), டர்போ உண்டு, இன்டர்கூலர் கிடையாது. செவி கியர்பாக்ஸ் போல்ட் ஓட்டைகளுக்குப் பொருந்தற அடாப்டர் பிளேட்டோட வருது, கியர்பாக்ஸ் இல்லை.

டிஎச்350-யை அப்படியே வச்சுக்கலாமா? ஆக்சில் மாத்தணுமா? டேங்க், லைன் எல்லாம் பழசே போதுமா? ஹைவேல 90–100 போனா போதும், அப்பப்போ ஒரு டன் டிரெய்லர் இழுக்கணும்.

---

கிரவுன்_பினியன்:

ஸ்பேனர் எடுக்கிறதுக்கு முன்னாடி பேனா எடுங்க. 4பிடி 105 குதிரைத்திறன் கொடுக்கிறது 2300–2500 ஆர்பிஎம்ல. அதுக்கு மேல கவர்னர் டீசலைக் குறைச்சிடும். 350 மாதிரி 4000 வரைக்கும் விரட்ட முடியாது. இழுவை (டார்க்) 360 நியூட்டன் மீட்டர் பக்கம், அது உச்சத்துக்கு வர்றது 1600-ல. அதனால ஹைவே வேகத்துல இன்ஜின் 1600-க்கும் 2200-க்கும் நடுவுல நிக்கணும்.

உங்க டயர் ஒரு சுத்துக்கு சுமார் 2.3 மீட்டர் போகும். டாப் கியர் நேரடி 1:1-ன்னு வச்சுக்குங்க. 3.08 ஆக்சில்ல 2000 ஆர்பிஎம்னா 90 கிமீ, 100 போக 2230. இதே வண்டி 3.73 ஆக்சிலோட இருந்தா 100-க்கு 2700 வேணும், கவர்னர் விடாது. பாதிப் பேர் மாட்டிக்கிறது இங்கதான். இன்ஜின் அருமையா உட்கார்ந்திருக்கும், வண்டி 90 பக்கத்துலயே நின்னு கத்தும். உங்களுக்கு 3.08 இருக்கு, அதைக் கழட்டாதீங்க.

டிஎச்350 பிளேட்ல பொருந்தும். ஆனா அதோட வேக்கம் மாடுலேட்டர், இன்ஜின் மேனிபோல்டு வேக்கத்தைப் பார்த்துத்தான் லோடு எவ்வளவுன்னு தெரிஞ்சுக்குது. டீசல்ல திராட்டில் தட்டே கிடையாது, அதனால வேக்கமும் இல்லை. மாடுலேட்டர் எப்பவும் ‘முழு மிதி’ன்னு நினைச்சுக்கும், ஷிப்ட் எல்லாம் லேட்டாவும் முரட்டுத்தனமாவும் விழும். வேக்கம் பம்பும், ஆக்சிலரேட்டர் லிவரோட அசையற வேக்கம் ரெகுலேட்டர் வால்வும் போட்டா அதைச் சரிபண்ணலாம். சரிபண்ண முடியாதது டார்க் கன்வெர்டர், அதாவது இன்ஜின் சுத்தை ஆயில் வழியா கியர்பாக்ஸுக்குக் கொடுக்கிறது. வழுக்காம நேரடியாப் பூட்டிக்கிற லாக்கப் கிடையாது, நீங்க ஓட்டப்போற 1700–2000-ல டிரெய்லரோட அது வழுக்கிக்கிட்டே இருக்கும், ஆயில் வெந்து போகும்.

என் யோசனை என்வி4500, 5 கியர் மேனுவல். 5.61, 3.04, 1.67, 1, ஓவர்டிரைவ் 0.73. உங்க 3.08-ஓட 5-வது கியர்ல 100 கிமீ போக 1630 ஆர்பிஎம். டிரெய்லர் கட்டினா 4-வதுலயே ஓட்டுங்க. வெறும் வண்டியை 2-வதுலயே கிளப்பலாம். 5.61-ல திடீர்னு கிளட்ச் விட்டா அரை டன் வண்டி ஆக்சிலுக்கு 6000 நியூட்டன் மீட்டருக்கு மேல போகும், அது அதுக்குப் பண்ணினது இல்லை.

இந்தக் கியர்பாக்ஸ் எடுத்தா ரெண்டு விஷயம். டீசலுக்குப் பின்னாடி ஓடினதுன்னா 5-வது கியர் நட் லூசாகி, கியர் ஷாஃப்டுல பின்னாடி நகர்ந்திருக்கலாம். டெயில் ஹவுசிங்கைக் கழட்டிப் பார்க்காம ஏத்தாதீங்க. கியர் ஆயில் ஜிஎல்-4 தரம், 75டபிள்யூ-85 சிந்தெடிக். கையில இருக்குன்னு ஜிஎல்-5 ஊத்தினா சிங்க்ரோ (கியர் மாத்தும்போது வேகத்தைச் சமமாக்கற வளையம்) கெட்டுப்போகும்.

அடாப்டர் பிளேட் மாட்டினதும் பிளைவீல்ல டயல் கேஜ் நிறுத்தி, கிராங்கைக் கையால சுத்தி, பெல் ஹவுசிங் நடு ஓட்டையோட சென்டரைப் பாருங்க. முள்ளோட மொத்த ஆட்டம் 0.13 மிமீக்குள்ள இருக்கணும். கூடுதல்னா ஆஃப்செட் டோவல் (நடு விலகின இருத்தும் பின்) போட்டு நகர்த்துங்க. இதை விட்டா இன்புட் பேரிங் கத்தும், பைலட் பேரிங் தின்னுபோகும். அப்புறம் பழி கிளட்ச் பிளேட் மேல விழும்.

---

ஏர்லாக்:

டேங்க் கேள்விக்கு வர்றேன். டேங்க் வச்சுக்கலாம், ஆனா இறக்கிக் கழுவி உலர்த்தணும். அடியில இருக்கிற பெட்ரோல் துருவை டீசல் மெதுவா கிளப்பி பில்டருக்குக் கொண்டுவரும். பிக்கப் பைப் முனையில இருக்கிற சல்லடைப் பையைக் கழட்டிடுங்க. அது பெட்ரோலுக்கான நெருக்கமான வலை. குளிர்ல டீசல் மெழுகு கட்டினா முதல்ல அடைக்கிறது அதுதான். வடிகட்டற வேலையை வெளியில மாட்டற வாட்டர் செப்பரேட்டர் பார்த்துக்கும்.

சப்ளை லைன் 10 மிமீ, ரிட்டர்ன் 8 மிமீ. ரிட்டர்ன் கட்டாயம், விஇ பம்ப் தன்னைக் குளிர வச்சுக்க டீசலைச் சுத்தி விட்டுக்கிட்டே இருக்கும். பழைய வேப்பர் லைனை ரிட்டர்னா மாத்தறவங்க உண்டு, அது ரொம்பச் சின்னது. செம்பு பைப்பும் வேண்டாம், உள்ளே துத்தநாகப் பூச்சு இருக்கிற பைப்பும் வேண்டாம்; ரெண்டும் டீசலைக் கெடுக்கும். ரெட்டை டேங்க் வண்டின்னா இன்னொண்ணு: கார்புரேட்டர் வண்டியில டேங்க் மாத்தற வால்வு சப்ளையை மட்டும் மாத்தும். ரிட்டர்னையும் சேர்த்து மாத்தற 6 வாய் வால்வு போடலைன்னா ஒரு டேங்க்ல இருந்து உறிஞ்சி இன்னொண்ணுல நிரப்பி வழிய விடும்.

பில்லர் கழுத்தைப் பார்க்க எல்லாரும் மறப்பாங்க. ஈயம் இல்லாத பெட்ரோலுக்காக உள்ளே சின்ன வளையம் வச்சிருப்பாங்க, டீசல் பங்க் நாசில் அதுல நுழையாது. டேங்க் கீழே இருக்கும்போதே வெட்டி எடுத்துடுங்க.

அடுத்து, பம்ப் மேல இருக்கிற ஸ்டாப் சாலினாய்டு. கரன்ட் இருந்தாத்தான் டீசல் போகும், போனா இன்ஜின் நிக்கும். சாவி ‘ரன்’லயும் ‘ஸ்டார்ட்’லயும் அதுக்கு முழு 12 வோல்ட் வேணும். உங்க 79-ல எச்இஐ (எலக்ட்ரானிக் இக்னிஷன்) டிஸ்ட்ரிபியூட்டர், அதுக்குப் போன வயரையே எடுத்துக்கலாம். 75-க்கு முந்தின பாயின்ட் வண்டிகள்ல அந்த வயர் ரெசிஸ்டன்ஸ் வயர், காயிலுக்குன்னே வோல்ட்டைக் குறைக்கும். சாலினாய்டு அரைகுறையா இழுத்துட்டு விட்டுடும். ரேடியோ லைன்ல இருந்தும் எடுக்காதீங்க, செல்ஃப் அடிக்கும்போது அது செத்துப்போகும். செல்ஃப் நல்லாச் சுத்தும், சைலன்சர்ல ஒரு பொட்டு புகை வராது, ஆளுங்க இன்ஜெக்டர் நாசிலைக் கழட்ட ஆரம்பிச்சிடுவாங்க.

இதுக்கு நேர்மாறான கோளாறும் உண்டு: சாவியை அணைச்சாலும் இன்ஜின் நிக்காது. ஆல்டர்னேட்டரோட சார்ஜ் விளக்கு வயர் வழியா கரன்ட் பின்னாடி ஊறி வந்து சாலினாய்டைப் பிடிச்சு வச்சிருக்கும். அந்த வயர்ல ஒரு டயோடு போதும்.

---

டேப்பெட்_பத்து:

ஒரு மாற்றுக் கருத்து. இந்த பாடிக்கு கம்பெனியே 1982-ல இருந்து 6.2 லிட்டர் டீசல் வி8 போட்டிருக்கு. செவி வி8 பெல் ஹவுசிங் பேட்டர்ன்தான். பவர் பெரிசா ஒண்ணும் இல்லை, சுமார் 130 குதிரை. ஆனா ரெண்டு பக்கமும் கம்பெனி பார்ட்ஸ், வெல்டிங் குறைவு, நாலு சிலிண்டர் அதிர்வு கிடையாது. பிளைவீல் மட்டும் 6.2-க்கு உள்ளதையே போடணும், 350-யோடது ஆகாது.

5.7 ஓல்ட்ஸ்மொபைல் டீசல் யாராவது சும்மா கொடுத்தாலும் வாங்காதீங்க. பெட்ரோல் இன்ஜினோட ஹெட் போல்ட் அமைப்பையே டீசல் கம்ப்ரஷனுக்கும் வச்சாங்க, வாட்டர் செப்பரேட்டரும் கிடையாது.

---

பழைய_சி10:

6.2 யோசனை நல்லா இருக்கு, ஆனா 4பிடிக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு. என்வி4500 தேடறேன். வேக்கம் இல்லைன்னா பிரேக் பூஸ்டர் என்ன ஆகும்? முன்பக்க வெயிட்?

---

ஜாக்_ஸ்டாண்ட்:

பூஸ்டர் வேலை செய்யாது, பெடல் கல்லு மாதிரி இருக்கும். வேக்கம் பம்ப் போடலாம், ஆனா ஹைட்ரோபூஸ்ட்தான் என் தேர்வு. பவர் ஸ்டீயரிங் பம்ப் பிரஷர்லயே பிரேக் அடிக்கும். அதே தலைமுறை ஒரு டன் வண்டிகள்ல கம்பெனியே போட்டது. பூஸ்டர் ரிட்டர்னை ஸ்டீயரிங் ரிட்டர்னோட டீ போட்டுக் கட்டாதீங்க, ரிசர்வாயருக்குத் தனி வாய் வைங்க. டீயில பின்னழுத்தம் ஏறினா பிரேக் தானாப் பிடிக்கும்.

4பிடி கிட்டத்தட்ட 340 கிலோ, உங்க 350 சுமார் 260. 454 பெரிய வி8 இன்ஜின் வந்த சி10-ஓட முன் காயில் ஸ்பிரிங் சரியா இருக்கும். இன்ஜின் உயரமானது. மவுண்ட்டை வெல்ட் பண்றதுக்கு முன்னாடி சம்ப்புக்கும் கிராஸ்மெம்பருக்கும் இடைவெளி, பானட் மூடுதா, ரெண்டையும் பாருங்க. மவுண்ட்டுக்கு மெத்தென்ற ரப்பர். பாலியூரித்தேன் போட்டா ஐடில்ல கண்ணாடியில பின்னாடி வர்ற வண்டியே தெரியாது. ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டை அளந்து வெட்டுங்க. ரெண்டு முனை ஜாயின்ட் கோணமும் சமமா, 1-ல இருந்து 3 டிகிரிக்குள்ள இருக்கட்டும்.

இன்ஜின் ஸ்டாண்ட்ல இருக்கும்போதே டைமிங் கவரைக் கழட்டுங்க. கியர் ஹவுசிங்கைப் பிடிக்கிற டோவல் பின் நாளடைவுல வெளியே நகர்ந்து டைமிங் கியருக்குள்ள விழும், 4பிடி சேர்ந்த கம்மின்ஸ் பி வரிசை இன்ஜினுக்கே உள்ள வியாதி. பக்கத்து போல்ட்டுக்கு அடியில ஒரு இரும்புத் தகடு வச்சு பின் வாயை மூடினா முடிஞ்சது. டேப்பெட் குளிர்ந்த நிலையில இன்டேக் 0.25, எக்ஸாஸ்ட் 0.51 மிமீ.

டேகோமீட்டருக்கு ஆல்டர்னேட்டர் டபிள்யூ முனை. பல்ஸ் எண்ணிக்கை மாத்தி அமைக்கிற மீட்டர்தான் வேணும். டர்போவுக்கு முன்னாடி எக்ஸாஸ்ட் சூட்டைக் காட்டற பைரோமீட்டர் ஒண்ணு. டிரெய்லரோட ஏறும்போது 680 டிகிரி செல்சியஸைத் தாண்டி நின்னா கியரைக் குறைங்க.

முதல் ஸ்டார்ட்டுக்கு சாலினாய்டு வயரைக் கழட்டிட்டு, ஆயில் பிரஷர் முள் ஏறற வரைக்கும் விட்டு விட்டுச் செல்ஃப் அடிங்க. ஒரு தடவைக்கு 15 வினாடி, நடுவுல ரெண்டு நிமிஷம். அப்புறம் வயரை மாட்டி, நாசில் நட்டுகளைக் கொஞ்சம் லூஸ் பண்ணி ஏர் எடுங்க. குமிழி நிக்கலைன்னா பம்புக்கு முன்னாடி உள்ளே தெரியற ஒரு டியூப் செருகிப் பாருங்க: பெட்ரோல் லைன் ஒழுகினா வாசனை வரும், டீசல் உறிஞ்சற லைன் ஒழுகினா வெளியில ஒண்ணும் தெரியாது, உள்ளே காத்துதான் போகும். டர்போ இன்டேக் பைப்பை அன்னிக்கு மாட்டாம, வாயை மூடற அளவுக்கு ஒரு தடித்த பலகையைக் கையில வச்சுக்கிட்டு ஒருத்தர் பக்கத்துல நிக்கட்டும். டர்போ சீல் வழியா ஆயில் போய் இன்ஜின் எகிறினா சாவிக்கு அடங்காது, காத்தை அடைச்சாத்தான் நிக்கும். துணியோ கையோ வேண்டாம், உள்ளே இழுத்துடும்.