இரண்டு மணி நேரப் பறப்புக்கு பிசினஸ் கிளாஸ் எடுக்கலாமா?

பாபநாசம் ரைஸ்மில்:

எல்லோருக்கும் வணக்கம். பாபநாசத்தில் அப்பாவின் ரைஸ் மில்லை இரண்டு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இட்லி அரிசியும் பொன்னியும் மும்பைக்குப் போகின்றன. நவி மும்பை வாஷி மார்க்கெட்டில் நான்கு பார்ட்டிகள். போனில் எவ்வளவு பேசினாலும், மாதம் ஒரு முறை நேரில் போய் உட்கார்ந்தால்தான் பாக்கி வருகிறது.

இப்போது என் வழக்கம் இது: ராத்திரி இரண்டரைக்குக் காரை எடுத்து திருச்சி, அங்கிருந்து சென்னை, சென்னையில் வேறு விமானம் பிடித்து மும்பை. மறுநாள் திரும்ப இதே கூத்து. போன மாதம் போய் இறங்கியபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. பார்ட்டி எதிரில் நிமிர்ந்து உட்கார முடியாமல், அவர் சொன்ன விலைக்குத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அதனால் சென்னை–மும்பைக்கு பிசினஸ் கிளாஸ் எடுக்கலாமா என்று யோசனை. அப்பாவிடம் சொன்னதற்கு, "ரெண்டு மணி நேரம் குந்துறதுக்கு ஒரு லோடு தவிட்டுக் காசா?" என்றார். அவர் கேட்பதும் நியாயம்தான்.

அடிக்கடி பறக்கிறவர்கள் சொல்லுங்கள். பிசினஸா, பிரீமியம் எகானமியா, எது கொடுத்த காசுக்குத் தகும்? எனக்கு 34 வயது, ஆறடி உயரம். லவுஞ்ச் சாப்பாடெல்லாம் எனக்கு முக்கியமில்லை.

ஆழித்தேர்:

தம்பி, கும்பகோணத்தில் உழவன் எக்ஸ்பிரஸில் ஏறிப் படுங்கள். விடிவதற்குள் தாம்பரத்தில் இறங்கினால் மீனம்பாக்கம் விமான நிலையம் பக்கம். இடுப்பை நீட்டிப் படுக்கும் வசதி ரயிலில்தான் இருக்கிறது. எந்த விமானத்தின் பிசினஸ் கிளாஸிலும் சென்னைக்கும் மும்பைக்கும் நடுவில் யாரும் படுத்துத் தூங்கியதை நான் பார்த்ததில்லை.

நாச்சியார்கோவில் விளக்கு:

ஆழித்தேர் அண்ணன் கேலியாகச் சொன்னாலும் அதில் விஷயம் இருக்கிறது. கடைசியில் அதற்கு வருகிறேன்.

தம்பி, நான் பத்து வருடமாக மாதம் இரண்டு மூன்று தடவை பறக்கிறவன். பெங்களூரு, மும்பை, டெல்லி. எங்களுடையது குத்துவிளக்கு. பட்டறை அண்ணன் பொறுப்பு, ஊர் ஊராகப் போய் விற்பது என் பொறுப்பு. பிசினஸ் கிளாஸிலும் போயிருக்கிறேன், கழிவறைக் கதவு முழங்கையில் இடிக்கும் கடைசி வரிசையிலும் போயிருக்கிறேன்.

முதலில் திருச்சி–சென்னை. அதில் நீங்கள் ஏறுவது பெரும்பாலும் ஏடிஆர், விசிறி வைத்த சின்ன விமானம். 78 சீட்டும் ஒரே வகுப்புதான். சீக்கிரம் இறங்கலாம் என்று முன் வரிசைக்குக் கூடுதல் பணம் கட்டாதீர்கள். ஏடிஆரில் பயணிகள் ஏறி இறங்கும் கதவு வாலில் இருக்கிறது. முதல் வரிசைக்குக் காசு கொடுத்தவன்தான் கடைசியில் இறங்குவான். நானும் ஒரு தடவை கொடுத்தேன். மேலே பெட்டி வைக்கும் இடமும் சிறியது. நாம் கையில் இழுத்துக்கொண்டு போகும் சக்கரப் பெட்டி அதில் நுழையாது, வாங்கிக் கீழே சரக்கு அறையில் போட்டுவிடுவார்கள். தோள்பைதான் அதற்குச் சரி.

அடுத்து, நீங்கள் கேட்ட சென்னை–மும்பை. ஏர் இந்தியாவின் ஏ320 நியோவில் மூன்று வகுப்பு வைத்தது என்றால் பிசினஸில் 8 சீட், பிரீமியம் எகானமியில் 24, மீதி 132 எகானமி. பிசினஸில் பக்கத்துக்கு இரண்டு சீட், அகலமும் அதிகம். ஆறடிக்காரருக்கு வித்தியாசம் தெரியும். பிரீமியம் எகானமி அப்படியல்ல. வரிசைக்கு ஆறு பேர், நடு சீட்டும் உண்டு. முழங்காலுக்கு முன்னால் கொஞ்சம் இடம், கொஞ்சம் நல்ல சாப்பாடு, முன்னால் இறங்கலாம். அவ்வளவுதான். டெல்லி கிட்டத்தட்ட மூன்று மணி நேரம், அதற்கு இது போதும் என்பேன். இண்டிகோவும் 2024 நவம்பரில் டெல்லி–மும்பைக்கு 'ஸ்ட்ரெச்' என்று 12 பெரிய சீட் போட்டு ஆரம்பித்தது.

ஐரோப்பாவில் இன்னும் வேடிக்கை. ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சிக்குப் போனபோது அங்கிருந்து பாரிஸுக்கு பிசினஸ் கிளாஸ் வாங்கிக் கொடுத்தார்கள். ஏறிப் பார்த்தால் அதே எகானமி சீட். நடு சீட்டில் மட்டும் யாரையும் உட்கார வைக்கவில்லை. பின்னால் ஒரு திரை. எத்தனை பேர் பிசினஸ் வாங்குகிறார்களோ அதற்குத் தக்கபடி திரையை முன்னும் பின்னும் தள்ளிக்கொள்வார்களாம். நம் ஊர்ப் பந்தியில் இலை எண்ணிக்கைக்குத் தக்கபடி பாயை இழுத்துப் போடுவோமே, அப்படி. ஆனால் அதிலும் கோட்டு போட்ட ஆட்கள் காசு கொடுத்து ஏறிக்கொண்டுதான் இருந்தார்கள். எதற்காக என்று எனக்கு அப்போது புரியவில்லை. ஒரு தடவை மும்பைப் பயணத்தில் பட்ட பிறகு புரிந்தது.

மும்பையில் ஒரு பெரிய ஓட்டலுக்கு முகப்பு விளக்கு. மதியம் இரண்டு மணிக்குச் சந்திப்பு. மிடுக்காகப் போகலாம் என்று சென்னை–மும்பை பிசினஸ் எடுத்தேன். திருச்சி–சென்னையை இன்னொரு விமானத்தில் மலிவாகத் தனி டிக்கெட்டாகப் போட்டேன். அங்கேதான் தப்பு. திருச்சியில் முதல் விமானம் இரண்டே கால் மணி நேரம் தாமதம். ஒரு காகிதக் கிண்ணத்தில் உப்புமா கொடுத்தார்கள். இரண்டரை மணி நேரத்துக்கு உட்பட்ட பறப்பு இரண்டு மணி நேரம் தாமதமானால் சாப்பிட ஏதாவது தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டிஜிசிஏவின் விதி. நான் சென்னையில் இறங்கி ஒரு டெர்மினலிலிருந்து இன்னொன்றுக்கு ஓடினால் கவுன்ட்டர் மூடியாகிவிட்டது. தனி டிக்கெட் என்பதால் முதல் விமானத்தின் தாமதம் இரண்டாவது கம்பெனிக்கு ஒரு பொருட்டே இல்லை. "நீங்கள் வரவில்லை, அவ்வளவுதான் சார்" என்றார் அந்தப் பையன். அவர் மேலும் குற்றமில்லை. பிசினஸ் கிளாஸ் சீட் என் பெயரில் காலியாக மும்பை போயிற்று.

அதிலிருந்து நான் விலை கொடுத்து வாங்குவது இரண்டே விஷயம். ஒன்று, முழுப் பயணமும் ஒரே பிஎன்ஆர், அதாவது ஒரே டிக்கெட். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் தலைவலி. இரண்டாவது, கட்டணமில்லாமல் நேரம் மாற்றிக்கொள்ளும் டிக்கெட். வாஷியில் உங்கள் பார்ட்டி "மூணு மணிக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு ஐந்தரைக்குத்தான் கணக்குப் புத்தகத்தை எடுப்பார். உங்களுக்கு ஏழு மணி விமானம். கண்ணால் கடிகாரத்தைப் பார்க்கிறவனுக்கு விலை படியாது, இது அவருக்கும் தெரியும். ராத்திரி விமானத்துக்கோ மறுநாள் காலைக்கோ மாற்றலாம் என்று தெரிந்தால் நீங்கள் சாவகாசமாக இன்னொரு டீ கேட்கலாம். பிசினஸ் டிக்கெட்டில் நான் பார்த்த உண்மையான பிசினஸ் இதுதான். எகானமியிலேயே மாற்ற வசதியுள்ள டிக்கெட் கொஞ்சம் கூடுதல் விலையில் கிடைக்கிறது. முன்பதிவு செய்யும்போது மூன்று நான்கு விலை காட்டுவான், நாம் கண்ணை மூடிக்கொண்டு முதலாவதை அழுத்துகிறோம்.

பெட்டி விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் ஒன்றரை அடி விளக்கைக் கழற்றி, பழைய வேட்டியில் சுற்றி, கையோடு எடுத்துப் போவேன். சென்னை சோதனையில் திரையைப் பார்த்த அம்மா பெல்ட்டை நிறுத்திவிட்டார். உள்ளே கூர்மையாக ஒரு தண்டு, வட்டத் தட்டுகள். திறக்கச் சொன்னார். நான் மேஜையில் அடித்தட்டை வைத்து, தண்டைத் திருகி, எண்ணெய்த் தட்டை ஏற்றி, மேலே அன்னத்தைத் திருகி நிறுத்தினேன். பின்னால் பெல்ட்டில் மற்றவர்களின் சாமான் தட்டுகள் குவிந்துவிட்டன. "யே கௌன்சி சிடியா ஹை?" என்றார், இது என்ன பறவை என்று. அன்னம் என்றேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, அழகாக இருக்கிறது, ஆனால் கையில் விட மாட்டேன், கீழே போடு என்றார். அன்றிலிருந்து விளக்கு சரக்குப் பெட்டியில். அன்னம் மட்டும் என் தோள்பையில், அதன் கழுத்து வளைந்தால் சாம்பிள் செத்தது. எகானமியில் 15 கிலோ, மூன்றடி விளக்கு ஒன்றே பாதியைத் தின்றுவிடும். பிசினஸில் எடை கூடுதலாக விடுவார்கள், அதனால் சாம்பிள் அதிகம் இருந்தால் மட்டும் நான் கணக்குப் போட்டுப் பார்ப்பேன். உங்களுக்கு அந்தத் தொல்லையே இல்லை. கால் கிலோ பொட்டலம் நான்கு போட்டால் ஒரு பார்ட்டிக்கு முடிந்தது.

கடைசியாக இடுப்பு, ஆழித்தேர் அண்ணன் சொன்ன விஷயம். உங்கள் இடுப்பைப் பிடித்தது விமானமா என்று யோசியுங்கள். பாபநாசத்திலிருந்து திருச்சி விமான நிலையம் 80 கிலோமீட்டர். ராத்திரி இரண்டரைக்கு நீங்களேதான் ஓட்டுகிறீர்களா? வாழவந்தான்கோட்டை டோல்கேட்டில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கும் ஆளை விமானத்தில் பட்டு மெத்தையில் உட்காரவைத்து என்ன பயன்?

தஞ்சை ஆடிட்டர்:

விளக்கு அண்ணன் வரியை விட்டுவிட்டார். எகானமி டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்கு மேற்பட்ட வகுப்புகளுக்கு 12 ஆக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18. பிரீமியம் எகானமிக்கும் இதுதான். வியாபாரப் பயணம் என்றால் இன்புட் கிரெடிட் எடுக்கலாம், அதாவது இந்த வரியை நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். முன்பதிவின்போதே கம்பெனி ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்திருக்க வேண்டும், பிறகு விமானக் கம்பெனியின் பில் உங்கள் ஜிஎஸ்டி கணக்கின் 2பி பட்டியலில் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிறையப் பேர் டிராவல்ஸ்காரர் கொடுக்கும் ரசீதை வைத்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். அது போதாது.

ஆனால் ரைஸ்மில் தம்பிக்கு ஒரு கேள்வி. நீங்கள் போடுவது எத்தனை கிலோ மூட்டை? லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையிலான பைக்குத்தான் 2022 ஜூலையிலிருந்து 5 சதவீத வரி. 26 கிலோ போட்டால் வரி இல்லை. வரி இல்லாத சரக்கு விற்கிறவருக்கு இன்புட் கிரெடிட்டும் இல்லை. அப்படியானால் அந்த 18 சதவீதம் முழுக்க உங்கள் கைக்காசு.

பாபநாசம் ரைஸ்மில்:

26 கிலோ மூட்டைதான் சார். 😀

நாகை இறால்:

நான் இறால் தீவனக் கம்பெனியில் வேலை செய்கிறேன். ஹைதராபாத், விசாகப்பட்டினம் என்று மாதம் நான்கு பயணம். டிக்கெட் கம்பெனி காசு, பிசினஸ் கிளாஸ் கிடையாது. அதனால் சீட்டைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் லவுஞ்ச் முக்கியமில்லை என்று ஆண்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறீர்கள். நாகப்பட்டினத்திலிருந்து விடியற்காலைக் கிளம்பினால் திருச்சி வரும்வரை நான் நம்பி நுழையக்கூடிய கழிவறை வழியில் ஒன்றோ இரண்டோதான். அதனால் தண்ணீர் குடிப்பதில்லை. தலைவலியோடுதான் ஏறுவேன். சென்னை லவுஞ்சில் முகம் கழுவி, புடவையைச் சரிசெய்து, ஒரு காபியோடு லேப்டாப்பைத் திறக்கும் அரை மணி நேரம்தான் எனக்கு பிசினஸ் கிளாஸ். அதற்கு டிக்கெட் வேண்டியதில்லை, என் கிரெடிட் கார்டிலேயே வருகிறது. காலை கூட்டத்தில் உட்கார இடம் கிடைக்காத நாளும் உண்டு.

திரும்பி வரும் நேரத்தையும் பாருங்கள். ராத்திரி பதினொன்றுக்குத் திருச்சியில் இறங்கினால் நாகைக்கு வரும்போது மணி இரண்டு. வழியோர இருக்கை, முன் வரிசை எல்லாம் பத்து நிமிடம் மிச்சம் பிடிக்கத்தான். அந்தப் பத்து நிமிடத்துக்கு வீட்டில் விழித்திருக்கும் அம்மாவிடம் மதிப்பு இருக்கிறது.

நாச்சியார்கோவில் விளக்கு:

நீங்கள் சொல்வது சரிம்மா. இது எனக்குத் தோன்றவே இல்லை. நாங்கள் செங்கிப்பட்டியில் வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் போய்விடுகிறோம்.

தம்பி, இன்னொன்று மறந்தேன். 2025 அக்டோபரில் நவி மும்பை விமான நிலையத்தைத் திறந்துவைத்தார்கள், டிசம்பர் கடைசியில் விமானங்கள் ஓட ஆரம்பித்தன. வாஷி போகிறவருக்கு அதுதான் பக்கம். சென்னையிலிருந்து உங்களுக்குத் தோதான நேரத்தில் அங்கே விமானம் இருந்தால் எகானமியானாலும் எடுங்கள். சாந்தாகுரூஸ் பழைய விமான நிலையத்தில் இறங்கி மும்பை டிராஃபிக்கில் நகர்வதைவிட இடுப்புக்கு நல்லது.

பாபநாசம் ரைஸ்மில்:

எல்லோருக்கும் நன்றி. காரை நானேதான் ஓட்டுகிறேன் அண்ணே. ராத்திரி இந்தத் திரியை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஜிஎஸ்டி பதிலுக்கு ரொம்ப நேரம் சிரித்தார். அப்புறம், "மில்லு டிரைவர் ராத்திரி சும்மாதானே படுத்திருக்கான், அவனைக் கூட்டிட்டுப் போ" என்றார்.

அடுத்த பயணத்துக்கு இப்படிப் போட்டிருக்கிறேன்: போகும்போது உழவனில் தாம்பரம், அங்கிருந்து எகானமியில் மும்பை, வழியோர சீட், நேரம் மாற்றிக்கொள்ளும் டிக்கெட். திரும்பும்போது மும்பை–சென்னை–திருச்சி ஒரே பிஎன்ஆர், டிரைவர் வந்து நிற்பார். மொத்தக் கூடுதல் செலவு பிசினஸ் கிளாஸ் விலையில் கால்வாசி கூட இல்லை.

ஆழித்தேர் அண்ணே, உழவனில் கீழ் பெர்த் கிடைக்கவில்லை. சைடு அப்பர்தான். ஆறடி ஆள் அதில் எப்படிப் படுப்பது என்று தெரிந்தால் சொல்லுங்கள்.