கால்பிண்டின் ஸ்டெயினிங்: புர்கின்ஜி செல்கள் மங்கல், இரத்தக் குழாய்கள் பளிச். உதவி தேவை

கேள்வி:
வணக்கம். சுண்டெலியின் சிறுமூளையில் கால்பிண்டின் டி28கே என்ற, கால்சியத்தைப் பிணைக்கும் புரதத்தைப் பார்க்க முயல்கிறேன். பாராஃபின் செக்ஷன் (மெழுகில் பதித்து வெட்டிய மெல்லிய திசுத் துண்டு), 5 மைக்ரோமீட்டர். பிரைமரி ஆண்டிபாடி (புரதத்தை நேரடியாகப் பிடிப்பது) சுண்டெலியில் உருவாக்கிய மோனோகுளோனல் (ஒரே வகை ஆண்டிபாடி). செகண்டரி ஃப்ளூரசன்ட் சாயம் ஏற்றிய ஆண்டி-மவுஸ் (சுண்டெலி ஆண்டிபாடியைப் பிடித்து ஒளிர்வது). ஃபிக்ஸேஷனுக்காக (பதப்படுத்த) திசு 4% பாராஃபார்மால்டிஹைடில் 48 மணி நேரம் இருந்தது. ஆன்டிஜென் மீட்புக்கு (மறைந்த புரதப் பகுதியை ஆண்டிபாடிக்குத் திறக்க) பி.எச். 6 சிட்ரேட்டில் சூடாக்குகிறேன்.

புர்கின்ஜி செல்கள் (சிறுமூளையின் பெரிய நரம்பு செல்கள்) வரிசையாகத் தெரிகின்றன, ஆனால் ரொம்ப மங்கல். இரத்தக் குழாய்களும் மூளை உறையும்தான் பளிச்சென்று ஒளிர்கின்றன. பிரைமரியைக் கூட்டினால் பேக்கிரவுண்டும் கூடவே ஏறுகிறது. எங்கிருந்து சரிசெய்யத் தொடங்குவது?

பதில் 1:
பிரைமரியைக் கூட்டுவதை முதலில் நிறுத்துங்கள். குழாய்கள் ஒளிர்வதற்கும் கால்பிண்டினுக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இருக்காது. சுண்டெலித் திசுவில் அதன் சொந்த ஐ.ஜி.ஜி. (இரத்தத்தில் ஓடும் ஆண்டிபாடி) இருக்கிறது, இரத்தம் ஓடும் இடங்களில் அதிகமாகவே. உங்கள் செகண்டரிக்கு அதையும் பிரைமரியையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

ஒரு ஸ்லைடில் செகண்டரி மட்டும் போடுங்கள். இன்னொன்றில் எந்த ஆண்டிபாடியும் வேண்டாம். சிவப்பணுக்கள் தாமாகவே ஒளிரக்கூடியவை, இரத்தத்தை முழுதாக வெளியேற்றாமல் எடுத்த மூளையில் இது சகஜம். இந்த இரண்டையும் பார்க்காமல் வேறு எதையும் மாற்றாதீர்கள்.

பதில் 2:
மங்கல் தனிப் பிரச்சினை. புர்கின்ஜி செல்லில் கால்பிண்டின் ஏராளம். செல் உடல், டென்ட்ரைட் (சிக்னலை வாங்கும் கிளைகள்), ஆக்சான் (சிக்னலை அனுப்பும் இழை) எல்லாம் நிரம்பித் தெரிய வேண்டும். 48 மணி நேர ஃபிக்ஸேஷனில் குறுக்குப் பிணைப்புகள் எபிடோப்பை (ஆண்டிபாடி பிடிக்கும் இடத்தை) மறைத்திருக்கலாம். பி.எச். 9 டிரிஸ்-இ.டி.டி.ஏ.வில் 95 டிகிரியில் 20 நிமிடம் வைத்துப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் குடும்பப் புரதங்கள் கால்சியம் பிணைந்தால் வடிவம் மாறுபவை, சில ஆண்டிபாடிகள் அந்த வடிவத்தைத்தான் அடையாளம் காணும். அதனால் சூடாக்கி முடித்ததும் நன்றாகக் கழுவுங்கள். பிரைமரி கரைசலில் இ.டி.டி.ஏ. கலக்கவே கூடாது.

கேட்டவர்:
செகண்டரி மட்டும் போட்ட ஸ்லைடிலும் குழாய்கள் அப்படியே ஒளிர்கின்றன! ஆண்டிபாடியே இல்லாதது இருட்டு. பி.எச். 9-இல் டென்ட்ரைட்டுகள் அழகாக வந்துவிட்டன, மிக்க நன்றி. இந்த மோனோகுளோனலை விட்டுவிட வேண்டுமா? அப்புறம், கிரானுல் அடுக்கிலும் (புர்கின்ஜி வரிசைக்குக் கீழே, சின்ன செல்கள் நெருங்கியிருக்கும் அடுக்கு) லேசாக ஏதோ தெரிகிறது. அது உண்மையான சிக்னலா?

பதில் 1:
விட வேண்டியதில்லை. பிரைமரிக்கு முன், சாயம் ஏற்றாத ஆண்டி-மவுஸ் ஃபேப் துண்டுகளால் (ஆண்டிபாடியின் பிடிக்கும் கை மட்டும்) திசுவின் சொந்த ஐ.ஜி.ஜி.யை மூடி பிளாக் செய்யுங்கள். முழு ஐ.ஜி.ஜி. வேண்டாம்: அதற்கு இரண்டு கைகள், ஒன்று திசுவைப் பிடித்தால் மற்றது உங்கள் பிரைமரியைப் பிடித்துக்கொள்ளும். ஃபேப்புக்கு ஒரு கைதான். முயலில் உருவாக்கிய பிரைமரி கிடைத்தால் இந்தச் சிக்கலே வராது.

பதில் 3:
கிரானுல் அடுக்கு பற்றி. சிறுமூளையே நல்ல கட்டுப்பாடு. கால்பிண்டின் புர்கின்ஜி செல்களில் இருக்கும். மேலடுக்கின் கூடை, விண்மீன் செல்களில் பார்வால்புமின், கிரானுல் செல்களில் கால்ரெட்டினின். கால்ரெட்டினின் கால்பிண்டினுக்கு மிக நெருங்கிய உறவு, அதனால் சில கால்பிண்டின் ஆண்டிபாடிகள் இதையும் பிடித்துவிடும். வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்துப் பார்க்கும் சோதனை) இரண்டின் பட்டைகளும் அருகருகே விழுவதால் பிரித்துச் சொல்வது கடினம்.

பெரிதாக்கிப் பாருங்கள். மெல்லிய இழைகளாகத் தெரிந்தால் கவலை வேண்டாம். அவை வெள்ளைப் பகுதிக்கு இறங்கும் புர்கின்ஜி ஆக்சான்கள். நெருக்கமான சின்னச் சின்ன செல் உடல்கள் ஒளிர்ந்தால்தான் கால்ரெட்டினின் சந்தேகம். அப்போது கால்பிண்டின் மரபணு நீக்கிய சுண்டெலியின் செக்ஷன் ஒன்றை அதே ரன்னில் சேர்த்து ஓட்டுங்கள். அதிலும் செல்கள் ஒளிர்ந்தால் ஆண்டிபாடியை மாற்றிவிடலாம்.