பின்னறையில் இரண்டு மாதச் சரக்கு: வைத்திருப்பதா, குறைப்பதா? (டர்பன், தென்னாப்பிரிக்கா)

சாட்ஸ்வொர்த் மளிகை எழுதியது:

வணக்கம். சாட்ஸ்வொர்த்தில் சின்ன மளிகைக் கடை வைத்திருக்கிறேன். நம்மூர்ச் சாமான்தான் வியாபாரம்: இட்லி அரிசி, உருட்டு உளுந்து, புளி, அப்பளம், நல்லெண்ணெய், பூஜைச் சாமான், பிரீஸரில் பரோட்டாவும் துருவிய தேங்காயும். இன்னும் இரண்டு கடைக்காரர்களோடு பங்கு போட்டு ஒரு கன்டெய்னர் எடுப்பேன். தூத்துக்குடியில் ஏறி, கொழும்பில் கப்பல் மாறி, டர்பனுக்கு வரும்.

சிக்கல் இப்போது வீட்டுக்குள்ளிருந்து வந்திருக்கிறது. அக்கா மகன் பி.காம் முடித்துவிட்டு வந்து கடைக் கணக்கைப் பார்க்கிறான். பின்னறையைத் திறந்தவன், "மாமா, இது கடையா, குடோனா? பேங்க்குக்கு வட்டி ஓடுகிறது, காசெல்லாம் மூட்டையில் தூங்குகிறது" என்கிறான். டொயோட்டா கம்பெனியே பாகங்களை மணிக்கணக்கில்தான் வைத்திருக்கிறதாம், அதற்கு ஜஸ்ட் இன் டைம் என்று பெயராம். நாமும் கொஞ்சம் கொஞ்சமாக வரவழைத்துக்கொண்டு பின்னறையை வாடகைக்கு விட்டுவிடலாம் என்பது அவன் யோசனை.

பையன் சொல்வதைத் தள்ளவும் முடியவில்லை. உளுந்தில் வண்டு விழுந்தால் மூட்டையோடு போச்சு. ஆனால் போன புரட்டாசியைத்தான் மறக்க முடியவில்லை. இந்த ஊரில் புரட்டாசி எப்படி என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வீட்டுக்கு வீடு கறி மீனை நிறுத்திவிடுவார்கள், பருப்பும் அப்பளமும் பறக்கும். கன்டெய்னர் வந்து சேர்ந்தபோது ஐப்பசி பிறந்துவிட்டது. பின்னறை இருந்ததால் நான் தப்பித்தேன். பங்காளிகளில் ஒருவர் காலி அலமாரியை வைத்துக்கொண்டு மாதத்தை ஓட்டினார், அவருடைய வாடிக்கை பாதி இப்போது என்னிடம்.

எத்தனை நாள் சரக்கு வைக்கலாம் என்று நீங்களெல்லாம் எப்படிக் கணக்குப் போடுகிறீர்கள்?

—

ப்ராஸ்பெக்டன் பட்டறை எழுதியது:

அண்ணே, நான் ப்ராஸ்பெக்டன் பக்கம் கார் பாகம் செய்கிற கம்பெனியில் இருக்கிறேன். மருமகன் சொல்வது நிஜம்தான், ஆனால் பாதி.

எங்களிடமிருந்து இங்குள்ள டொயோட்டா ஆலைக்குப் போகிற பாகம் வண்டி வரிசைப்படி அடுக்கிப் போகும். லாரி ஒரு நாளைக்குப் பல நடை அடிக்கும், அந்தப் பக்கம் இருப்பு சில மணி நேரத்துக்குத்தான். இது நடக்கக் காரணம், நாங்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கிறோம், அவர்களுடைய உற்பத்தித் திட்டமும் நாளுக்கு நாள் ஆடாது. ஜப்பானில் தாய்ச்சி ஓனோ இதை உருவாக்கியபோதும் இந்த இரண்டும்தான் அடிப்படை. கடல் தாண்டி வருகிற பாகத்தை மணிக்கணக்கில் வைத்து யாரும் ஆலை நடத்துவதில்லை.

டொயோட்டாவே அடி வாங்கித்தான் கற்றது. 1997 பிப்ரவரியில் பிரேக் வால்வு செய்யும் ஐசின் ஆலை ஒன்று தீப்பிடித்தது. கையளவு வால்வு, அது இல்லாமல் ஜப்பானில் டொயோட்டா ஆலைகள் நாள்கணக்கில் நின்றன. 2011 சுனாமிக்குப் பிறகு, சிப் மாதிரி உடனே கிடைக்காத பொருளை 2 முதல் 6 மாதத்துக்குக் கையில் வைத்திருக்கச் சொல்லி சப்ளையர்களைக் கேட்டுக்கொண்டார்கள். அதனால்தான் 2021 தொடக்கத்தில் மற்ற கம்பெனிகள் சிப் இல்லாமல் லைனை நிறுத்தியபோது இவர்கள் ஓட்டினார்கள். அதுவும் சில மாதம்தான், அந்த வருஷம் செப்டம்பரில் இவர்களும் உலக அளவில் உற்பத்தியை 40 சதவீதம் குறைக்க வேண்டியதாயிற்று. இந்தக் கதையை எந்த பி.காம் புத்தகமும் முழுதாகச் சொல்வதில்லை போலிருக்கிறது.

அப்புறம் 2022 ஏப்ரல் வெள்ளம். ப்ராஸ்பெக்டனில் டொயோட்டா ஆலைக்குள் தண்ணீர் புகுந்து மாதக்கணக்கில் வேலை நின்றது. ஆயிரக்கணக்கான புது வண்டிகள் பழைய இரும்பாகப் போயின. எங்கள் பட்டறையிலும் இடுப்பளவு சேறு. பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுதான் பலம் என்று சொல்லிக்கொண்டிருந்த எல்லோரும் அந்த வாரம் ஒரே தண்ணீரில் நின்றோம்.

—

கிளியரிங் அக்கா எழுதியது:

டர்பனில் கிளியரிங் வேலை பார்க்கிறேன், அதாவது துறைமுகத்துக்கு வரும் சரக்கைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுப்பது, கப்பல் ஆட்கள் பாடுகிற பாட்டெல்லாம் எனக்கு அத்துப்படி. "சராசரியாக இத்தனை நாளில் வரும்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். சராசரியை வைத்துச் சரக்கு வாங்கினால் இரண்டு தடவைக்கு ஒரு தடவை அலமாரி காலிதான்.

இப்படிச் செய்யுங்கள். பழைய பில் ஆஃப் லேடிங் (சரக்கைக் கப்பலில் ஏற்றியதற்கான சீட்டு) எல்லாவற்றையும் எடுங்கள். கப்பல் ஏறிய தேதி, பெட்டி உங்கள் கடைக்கு வந்த தேதி, இரண்டையும் பக்கத்தில் எழுதுங்கள். வழக்கமாக 40 நாள், மோசமான தடவை 75 நாள் என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 35. இட்லி அரிசி நாளைக்கு 4 மூட்டை போகிறதென்றால் வழக்கமான நாளில் புதுப் பெட்டி வரும்போது 140 மூட்டை பின்னறையில் மிச்சம் இருக்க வேண்டும், அதற்கு மேல் மிஞ்சுவது தூங்குகிற காசு. இவ்வளவுதான் கணக்கு. மருமகனே எக்ஸெல்லில் போட்டுவிடுவார்.

மோசமான தடவை அபூர்வம் என்று நினைக்கிறவர்களுக்கு இந்த ஊர்ப் பட்டியல். 2021 ஜூலை கலவரத்தில் மூய் ரிவரில் லாரிகள் எரிந்து ஜோகன்னஸ்பர்க் போகிற என்3 சாலை மூடியது, டர்பனில் ரொட்டிக்கும் பாலுக்கும் வரிசை நின்றோம். அதே மாதம் 22ஆம் தேதி துறைமுகக் கணினிகளில் சைபர் தாக்குதல், எல்லாம் கைக் காகிதத்துக்குத் திரும்பியது. 2022 ஏப்ரலில் கன்டெய்னர் டெர்மினலுக்குப் போகிற பேஹெட் சாலையை வெள்ளம் அரித்தது, அக்டோபரில் வேலைநிறுத்தம். 2023 நவம்பரில் 60க்கும் மேற்பட்ட கப்பல்கள் வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருந்தன. அந்த வருஷக் கடைசியில் செங்கடலைத் தவிர்த்த கப்பல்கள் நம் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வர ஆரம்பித்தன. வாசல் வழியாகப் போயினவே தவிர, நமக்கு இறக்க நிற்கவில்லை.

கடலே வேண்டாம், டெல்லியில் ஒரு காகிதம் போதும். 2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டார்கள். இட்லி அரிசி புழுங்கல்தானே, நமக்கென்ன என்று இருந்தவர்களுக்கு ஆகஸ்ட் 25 முதல் புழுங்கலுக்கு 20 சதவீத வரி வந்தது. 2024இல்தான் இரண்டையும் எடுத்தார்கள்.

—

லெனேசியா மெஸ் எழுதியது:

ஜோபர்க்கிலிருந்து ஒரு எதிர்க்குரல். நான் சமைத்து விற்கிறவன், கடைக்காரர்கள் பயந்துபோய் வாங்கிக் குவித்த பழைய உளுந்து எனக்கு வந்தால் மாவு பொங்காது. அக்கா கணக்கு சரி, ஆனால் எல்லாச் சாமானுக்கும் அதைப் போடாதீர்கள். துவரை உங்கள் ஊரிலேயே ஆயில் தால் என்று எந்த மொத்தக்கடையிலும் கிடைக்கும், அதை ஏன் கன்டெய்னரில் ஏற்றுகிறீர்கள்? பிரீஸர் சாமானை ஒரு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள். 2023 லோட்ஷெடிங் மின்வெட்டில் நான் கொட்டிய பரோட்டாவை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

—

சாட்ஸ்வொர்த் மளிகை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரவு மருமகனும் நானும் பில்களைக் கொட்டி உட்கார்ந்தோம். அக்கா உதாரணத்துக்குச் சொன்ன 75 நாளுக்குக் கிட்டத்தட்ட எங்கள் மோசமான தடவையும் வருகிறது. வழக்கமானதையும் மோசமானதையும் பக்கத்தில் பார்த்ததும் பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் "சரி மாமா, பாதி அறையை மட்டும் விடலாம்" என்றான். துவரையை இனி உள்ளூரில் வாங்குவோம், பிரீஸர் சாமானை ஒரு வாரத்துக்கு மட்டும் வைப்போம். இட்லி அரிசி, உளுந்து, அப்பளம், பூஜைச் சாமான் பின்னறையில் இருக்கும். உளுந்தைப் பழையது முதலில் போகிற மாதிரி தேதி எழுதி அடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

அக்கா, இந்தப் புரட்டாசிக்கு எப்போது ஏற்றினால் சரியாக இருக்கும்?

—

கிளியரிங் அக்கா எழுதியது:

75 நாள் என்று வைத்தால் ஆனி நடுவில் தூத்துக்குடியில் ஏறியாக வேண்டும். ஆடித் தள்ளுபடிக்குக் காத்திருந்தால் புரட்டாசி போச்சு. கொழும்பில் பெட்டி ரோல் ஆகி அடுத்த கப்பலுக்குத் தள்ளுகிற சமாசாரமும் அந்த 75க்குள் அடக்கம்.

இன்னொன்று, பங்குக் கன்டெய்னர் என்றீர்களே. மூவரில் ஒருவருடைய பைட்டோசானிட்டரி சான்றிதழில் (சரக்கில் பூச்சி, பயிர்நோய் இல்லை என்கிற சான்று) எழுத்துப்பிழை இருந்தாலும் மூவர் சரக்கும் நிற்கும், டெமரேஜ் என்கிற தாமதக் கட்டணம் மூவருக்கும் ஓடும். பெட்டிக்கு சீல் வைப்பதற்கு முன்னால் மூவருடைய காகித நகலையும் வாங்கி உங்கள் ஏஜென்ட்டிடம் காட்டிவிடுங்கள். காலி அலமாரியோடு மாதத்தை ஓட்டினாரே, முதலில் அவருடையதைப் பாருங்கள்.