இரண்டு கோப்புகளை இணைத்தால் வயதானவர்கள் மட்டும் காணாமல் போகிறார்கள்! உதவி தேவை

வெள்ளவத்தை வாசி:
வணக்கம். கொழும்பில் ஒரு நீரிழிவு கிளினிக்கின் பதிவுகளையும், வார்டில் துண்டு வெட்டி (டிஸ்சார்ஜ் ஆகி) போனவர்களின் பதிவுகளையும் இணைக்கிறேன். கிளினிக்கைத் தவறவிட்டவர்கள்தானா திரும்பத் திரும்ப வார்டுக்கு வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். அப்படியானால் மாலையிலும் கிளினிக் நடத்தச் சொல்லிக் கேட்கலாம். இரு இடத்திலும் பெயரை எடுத்துவிட்டு, அடையாள அட்டை இலக்கத்தை ஒரே முறையில் ஹாஷ் செய்துதான் (இலக்கம் தெரியாதபடி வேறொரு குறியீடாக மாற்றித்தான்) தந்தார்கள். பாதிக்கு மேல் பொருந்தவில்லை. இளசுகள் சரி, கிழடுகள்தான் விழுகிறார்கள்.

கொட்டாஞ்சேனை அண்ணா:
தம்பி, பழைய அட்டைதான் வில்லன். அதில் 9 எண்ணும் ஓர் எழுத்தும். 2016 முதல் வரும் அட்டையில் 12 எண். ஐயா கிளினிக்கில் பழையதைக் காட்டியிருப்பார், வார்டில் மகள் புதியதை நீட்டியிருப்பாள். ஓர் எழுத்து மாறினாலே ஹாஷ் முழுதும் வேறு. ஆகவே ஹாஷ் செய்ய முன்னமே பழைய இலக்கத்தை 12 எண்ணாக நீட்ட வேண்டும்: முன்னால் 19, பிறகு முதல் ஐந்து எண், ஒரு 0, மிச்ச நான்கு எண். கடைசி எழுத்தை விட்டுவிடுங்கள். இதை நீங்கள் செய்ய முடியாது, இலக்கம் வைத்திருப்பவர்கள்தான் செய்ய வேண்டும்.

வெள்ளவத்தை வாசி:
அட, அதுதானா! கேட்டுப் பார்க்கிறேன். பிறந்த திகதியையும் தனியாகத் தந்திருக்கிறார்கள். அதையும் அட்டை இலக்கத்தையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கச் சொல்லலாமா?

தெஹிவளை அக்கா:
சொல்லலாம், அட்டை இலக்கத்திலேயே பிறந்த வருடமும், பிறந்தது அந்த வருடத்தின் எத்தனையாம் நாள் என்பதும் இருக்கு. ஆனால் இரண்டு பொறி இருக்கு. அட்டைக் கணக்கில் எல்லா வருடமும் மாசிக்கு (பெப்ரவரி) 29 நாள், அதனால் பங்குனி (மார்ச்) முதலாம் திகதி எப்போதும் 61ஆம் நாள். சாதாரண நாட்காட்டியில் கணக்குப் போட்டால் ஒரு நாள் இடிக்கும். பெண்களுக்கு நாள் எண்ணுடன் 500 கூட்டியிருக்கும்.

இன்னொன்று, திகதியும் ஹாஷும் ஒரே கோப்பில் இருப்பதே எனக்குப் பயம். திகதி தெரிந்தால் மிச்ச எண்களை ஒரு மடிக்கணினி நொடியில் முயன்று பார்த்துவிடும். இரகசியச் சாவியோடு (இரு இடத்துக்கும் பொதுவான ஓர் இரகசியச் சொல்லையும் சேர்த்து) ஹாஷ் செய்யச் சொல்லுங்கள், அந்தச் சாவி உங்கள் கையில் இருக்கக் கூடாது. 2022 இன் 9ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவலைத் தனிக் கவனத்துக்குரியதாகத்தான் வைத்திருக்கிறது.

பொருந்தாதவர்களைத் தூக்கி எறியவும் வேண்டாம். அவர்களை விட்டுக் கணக்குப் போட்டால் வயதானவர்கள் திரும்பி வருவதே இல்லை என்பது போலத் தெரியும், மாலைக் கிளினிக்கும் போச்சு.

வெள்ளவத்தை வாசி:
அக்கா, அண்ணா, நன்றி. இலக்கத்தை நீட்டிச் சாவியோடு திரும்பத் தந்தார்கள், பெரும்பாலானவர்கள் பொருந்திவிட்டார்கள். திகதிக்குப் பதில் பிறந்த வருடம் மட்டும் வாங்கினேன். மிச்சம் இருப்பவர்கள் பலரும் அட்டையே இல்லாமல் வார்டுக்கு வந்தவர்கள். அவர்களைத் தனி வரிசையில் காட்டப் போகிறேன்.