பெர்லின் கிரானைட் கிண்ணத்துக்கு மறுபடி பாலிஷ் போட வேண்டுமா?

ஊர்சுற்றி:
பெர்லினில் ஆல்ட்டஸ் மியூசியம் எதிரே, லுஸ்ட்கார்டன் தோட்டத்தில், ஒரே கல்லில் குடைந்த ராட்சதக் கிண்ணம் ஒன்று நிற்கிறது. 6.91 மீட்டர் விட்டம், ஏறக்குறைய 75 டன் எடை. போய்ப் பார்த்தேன், ஏமாற்றம்தான். யோஹான் எர்ட்மன் ஹும்மல் 1831-இல் வரைந்த ஓவியத்தில் இதே கிண்ணத்தின் அடிப்பக்கத்தில் சுற்றி நிற்கிற ஆட்கள் தலைகீழாகத் தெரிவார்கள், அவ்வளவு பளபளப்பு. இப்போது குனிந்து பார்த்தால் வெறும் மங்கின கல். பணமில்லாத நாடா அது? ஏன் பாலிஷ் போடாமல் விட்டு வைத்திருக்கிறார்கள்?

பட்டறைக்காரன்:
தொடவே கூடாது என்பது என் கட்சி. பாலிஷ் என்றால் மேலே எதையோ பூசுவது என்று பலர் நினைக்கிறார்கள். கிரானைட்டுக்கு பாலிஷ் என்றால் தேய்ப்பு, அதாவது கல்லைக் குறைப்பது. மழையிலும் பனியிலும் கிரானைட்டில் கலந்திருக்கிற தாதுக்களில் மெத்தென்ற மைக்கா முதலில் உதிரும், கடினமான குவார்ட்ஸ் நிற்கும், அதனால் மேற்பரப்பு பொடிப்பொடியாகக் குழிந்து போயிருக்கும். அந்தக் குழியெல்லாம் மறையும் வரை தேய்த்தால் விளிம்பின் கூர்மை போய்விடும், போரில் பட்ட அடியும் சேர்ந்து அழிந்துவிடும். 1945-இல் எதிரே இருந்த மியூசியமே எரிந்து போன இடம் ஐயா அது.

மேகலை:
போர்த்தழும்பைப் பார்க்க, இந்த மியூசியங்கள் எல்லாம் இருக்கிற அந்தத் தீவில் வேறு இடமா இல்லை? நோயஸ் மியூசியத் தூண்களில் குண்டு பட்ட குழிகளை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்களே. இந்தக் கிண்ணத்தின் கதையே வேறு. கான்ட்டியன் என்ற கல்வேலைக்காரர் செய்த கிரானைட் கிண்ணங்களைப் பார்த்து இங்கிலாந்தின் டெவன்ஷயர் பிரபு தனக்கும் ஒன்று கேட்க, அதைவிடப் பெரிதாக ஒன்று, அப்போது பெர்லினைத் தலைநகராகக் கொண்டிருந்த பிரஷ்யாவிலேயே இருக்க வேண்டும் என்று மூன்றாம் ஃபிரெட்ரிக் வில்ஹெல்ம் ராஜா ஆசைப்பட்டார். மியூசியத்தைக் கட்டிய ஷிங்கல் 17 அடியில் வட்ட மண்டபத்துக்குள் வைக்கத் திட்டம் போட, கான்ட்டியன் 22 அடி வரைக்கும் வரும் என்றார், அப்புறம் உள்ளே வைத்தால் மண்டபமே கெட்டுவிடும் என்று வாசலுக்கு வந்தது. நீராவி இயந்திரம் வைத்து இரண்டு வருஷத்துக்கு மேல் தேய்த்தார்கள். அந்தப் பளபளப்புக்காகத்தானே அத்தனை பாடு? அது போனபின் மிச்சம் இருப்பது பெர்லின்காரர்கள் கிண்டலடிக்கிற சூப் கிண்ணம்தான்.

பாறைப்பித்தன்:
நீங்கள் எல்லாரும் பாலிஷைப் பற்றியே பேசுகிறீர்கள், எனக்கு அந்தப் பாறை போனதுதான் வயிற்றெரிச்சல். ஃபுர்ஸ்டன்வால்டே பக்கம் ரவுவன் குன்றுகளில் கிடந்த மார்க்கிராஃப் கல், எழுநூறு டன் இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். பனியுகத்தில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து பனிப்பாறை இழுத்து வந்து போட்ட கல். அதை 1827-இல் பிளந்து, அங்கேயே கிண்ண வடிவத்துக்குச் செதுக்கி, உருளைகள் மேல் ஸ்ப்ரே ஆறு வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்ப் படகில் ஏற்றினார்கள். மிச்சத் துண்டு இன்னும் அந்தக் காட்டில் கிடக்கிறது, நான் அதைப் பார்க்கத்தான் போவேன்.

மேகலை:
அண்ணே, பாறை போய் இருநூறு வருஷம் ஆகப்போகிறது, இப்போது அழுது என்ன பயன்?

ஊர்சுற்றி:
பட்டறைக்காரருக்கு ஒரு கேள்வி. 1930-களில் நாஜிகள் அணிவகுப்புக்கு இடம் வேண்டும் என்று தோட்டம் முழுக்கக் கல் பாவி, கிண்ணத்தைத் தூக்கி கதீட்ரலுக்கு வடக்கே ஒதுக்கினார்கள். 1981-இல் கிழக்கு ஜெர்மனி அதைத் திருப்பிக் கொண்டு வந்து மியூசியம் வாசலிலேயே வைத்தது. போரில் பட்ட அடி வரலாறு, அழிக்கக்கூடாது என்கிறீர்கள். அப்படியென்றால் நாஜி காலத்தில் ஒதுக்கி வைத்ததும் வரலாறுதானே, அதை மட்டும் ஏன் மாற்றலாம்? பழைய இடத்தைத் திருப்பிக் கொடுத்தவர்கள் பழைய முகத்தையும் கொடுக்கட்டும்.

பட்டறைக்காரன்:
நல்ல கேள்வி, ஆனால் இரண்டும் ஒன்றில்லை. நகர்த்தினது தப்பென்று தோன்றினால் இன்னொரு தடவை நகர்த்தலாம். தேய்த்து எடுத்த கல்லை யார் திருப்பி ஒட்டுவது? அதோடு பெர்லின் குளிர்காலம் மாறப்போவதில்லை, இன்றைக்குத் தேய்த்தால் உங்கள் பேரன் காலத்தில் மறுபடி மங்கும், அவனும் தேய்ப்பான்.

மேகலை:
சரி, முழுக்க வேண்டாம். ஹும்மல் படத்தில் பிம்பம் விழுகிறதே அந்த அடிப்பக்கத்தில் ஒரு சின்னப் பகுதியை மட்டும் தேய்த்துக் காட்டலாமே. குனிந்து பார்க்கிற பிள்ளைகளுக்காவது புரியும்.

பட்டறைக்காரன்:
பட்டு வேட்டியில் ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கும் அம்மா. பிம்பம் பார்க்க வேண்டுமென்றால் அந்த ஓவியம் பக்கத்திலேயே ஆல்ட்டே நட்ஸியோனால்கேலரி என்ற ஓவியக்கூடத்தில் இருக்கிறது, நடந்தே போய்விடலாம்.

ஊர்சுற்றி:
அங்கே டிக்கெட் யார் எடுப்பது? தோட்டத்துக் கிண்ணம் இலவசம் ஐயா, அதனால்தான் கேட்கிறேன். ஒட்டானாலும் பரவாயில்லை, என் ஓட்டு மேகலைக்கு.